சிறு அலுவலகத்தின் கோப்புகளுக்கு இடம் எங்கே?

திருச்சி ரயில் சந்திப்புக்குத் தெற்கே உள்ள எடமலைப்பட்டி புதூரில் பெரிய நிறுவனங்கள் என்று சொல்லத்தக்கவை குறைவு. சிறு அலுவலகங்களே மிகுதி. திருமணப் புகைப்படக்காரர், கணக்குத் தணிக்கையாளர், வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பவர், துவாக்குடிப் பக்கத்துத் தொழிற்கூடங்களுக்கு இயந்திர வரைபடம் தயாரிப்பவர், பல் மருத்துவர் என மூன்று முதல் பத்துக் கணினிகள் வரை வைத்துத் தொழில் நடத்துவோர் பலர். அவர்களில் சிலருக்குக் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுக்கும் வேலையை நெடுநாளாகச் செய்துவருகிறேன். அண்மைக் காலமாக எங்கு சென்றாலும் காதில் விழுவது ஒரே கேள்விதான்: "இடம் ஃபுல் ஆயிடுச்சு சார், பெரிய செலவு இல்லாம என்ன பண்ணலாம்?"

சாதாரணக் கேள்வி போலத் தோன்றினாலும் இதற்குள் ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், கணக்கைக் காகிதத்தில் மட்டும் எழுதிவைத்துப் பிழைக்கும் வழி சிறு வணிகருக்கு அடைபட்டுவிட்டது. அந்தச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, கணக்குகளை ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்கச் சொல்கிறது. 2023 ஏப்ரல் 1ஆம் தேதி போட்ட ஒரு ரசீதை எடுத்துக்கொள்வோம். அந்த நிதியாண்டின் ஆண்டறிக்கைக்குக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. அப்படியானால் அந்த ரசீது 2030 டிசம்பர் 31 வரை, அதாவது ஏழே முக்கால் ஆண்டுகள், கேட்டபோது எடுத்துக் காட்டும் நிலையில் இருக்க வேண்டும். நிறுவனமாகப் பதிவு பெற்றவர்களுக்குக் கம்பெனிகள் சட்டம் விதிக்கும் காலம் எட்டு நிதியாண்டுகள். மின்னணு வடிவில் கணக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் அதன் காப்புப் படியை நாள்தோறும் இந்தியாவிலுள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்ட் மாதத்து விதித் திருத்தமும் சொல்கிறது. நாம் கடையில் வாங்கும் வன்தட்டுக்கு, அதாவது ஹார்டு டிஸ்க்குக்கு, உற்பத்தியாளர் தரும் உத்தரவாதமோ பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள். தட்டின் ஆயுள் கணக்கின் ஆயுளைவிடக் குறைவு. ஆகவே "இடத்தைக் கூட்டுவது" என்பது ஒருமுறை வாங்கி முடித்துவிடும் காரியமல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு மாறுவது போன்றது.

முதலில் நிறைந்திருப்பது எது என்று பார்க்க வேண்டும். நான் பார்த்த பெரும்பாலான அலுவலகங்களில், நிறைந்திருந்த இடத்தில் கணிசமான பங்கு ஒரே கோப்பின் பல படிகளால் ஆனது. வரைபட அலுவலகத்தில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் கடைசி' என ஒரே வரைபடம் நான்கு கணினிகளிலும் இரண்டு பென் டிரைவ்களிலும் இருக்கும். எது உண்மையிலேயே கடைசி என்பது அதைப் போட்டவருக்கே தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில் புதிய தட்டு வாங்குவது, பரணைச் சுத்தம் செய்யாமல் இன்னொரு பரண் கட்டுவதற்கு ஒப்பு. கோப்புகளை எல்லோரும் எட்டக்கூடிய ஒரே இடத்தில் வைத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

புகைப்படக் கலைஞரின் நிலை வேறு. அவருடைய நெரிசல் மெய்யானது. ஒரு திருமணத்துக்கு 3,000 படங்கள், படம் ஒன்று 30 மெகாபைட் என்றால் 90 ஜிகாபைட். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே காணொளி மணிக்கு 45 ஜிகாபைட் பிடிக்கும். மாலை வரவேற்பு, காலை முகூர்த்தம் என ஆறு மணி நேரம் எடுத்தால் 270. இரண்டும் சேர்ந்து 360 ஜிகாபைட். மூன்று முகூர்த்த நாட்களில் ஒரு டெராபைட் தட்டு நிறைந்துவிடும். அதிலும் ஒரு டெராபைட் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் கணினியில் செருகினால் 931 ஜிகாபைட் என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாகச் சண்டைக்குப் போனவர்களையும் அறிவேன். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. இதில் ஏமாற்று ஏதுமில்லை. ஆனால் வாங்கும்போது கழித்துக்கொண்டு கணக்கிட வேண்டும்: நான்கு டெராபைட் என்பது திரையில் 3.63.

அடுத்து, பலரும் கவனிக்காத இடம்: கம்பி. எவ்வளவு பெரிய தட்டை வாங்கிப் பொதுவில் வைத்தாலும், அது எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 100 மெகாபிட் ஸ்விட்ச் வழியாகத்தான் எல்லோருக்கும் வந்துசேர வேண்டும் என்றால், நடைமுறையில் விநாடிக்குச் சுமார் 11 மெகாபைட்தான் கிடைக்கும். நூறு ஜிகாபைட் கோப்பு நகர இரண்டரை மணி நேரம். அதே வேலை ஜிகாபிட் ஸ்விட்ச்சில் கால் மணி நேரத்தில் முடியும். எட்டு முனை ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்றின் விலை, ஒரு குடும்பம் நல்ல உணவகத்தில் ஒருவேளை சாப்பிடும் செலவுதான். இணைய இணைப்புடன் வந்த ரூட்டரின் முனைகளும் 100 மெகாபிட்டாக இருக்கக்கூடும் என்பதால், கணினிகளை நேரே அதில் செருகாமல் தனி ஸ்விட்ச்சில் செருகுவது நல்லது. இன்னொரு நுணுக்கம்: ஜிகாபிட்டுக்குக் கேபிளின் எட்டு இழைகளும் வேண்டும். பழைய அலுவலகங்களில் சிக்கனம் கருதி நான்கு இழைகளை மட்டும் முனையில் பொருத்தியிருப்பார்கள். புதிய ஸ்விட்ச் வாங்கியும் வேகம் கூடவில்லை என்றால் அங்கேதான் பார்க்க வேண்டும். சேமிப்பிடத்தை விரிவாக்கக் கேட்டவரிடம் முதலில் கேபிளைப் பற்றிப் பேசினால் அவர் முகம் சுளிக்கிறார். ஆனாலும் பேசத்தான் வேண்டும். "புது சிஸ்டம் ஸ்லோ" என்று சலித்துக்கொண்டு பணியாளர்கள் மறுபடியும் தம் மேசைக் கணினியிலேயே கோப்புகளை வைக்கத் தொடங்கிவிட்டால், செய்த செலவு அத்தனையும் வீண்.

இனி வழிகள். எல்லாவற்றிலும் மலிவானது, இருக்கும் கணினிகளில் நல்லதொன்றில் பெரிய தட்டைச் செருகி அதைப் பொதுவாகப் பகிர்வது. சாதாரண விண்டோஸ் பதிப்பில் ஒரே நேரத்தில் 20 இணைப்புகள் வரை அனுமதி உண்டு. சிறு அலுவலகத்துக்கு அது போதும். குறை என்னவென்றால், அந்தக் கணினியில் அமர்பவர் விடுப்பெடுத்தாலோ மாலையில் அதை அணைத்துவிட்டுப் போனாலோ எல்லோருக்கும் வேலை நின்றுவிடும்.

ரூட்டரின் பின்புறம் யுஎஸ்பி முனை இருந்தால் அதில் தட்டைச் செருகிப் பகிரலாம் என்று சில காணொளிகள் சொல்கின்றன. செய்யலாம், நான் பரிந்துரைப்பதில்லை. அத்தகைய ரூட்டர்களில் பல, கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பைத்தான் அறியும். 2017இன் இறுதியில் வந்த பதிப்பு முதல் விண்டோஸ் 10 அந்தப் பழைய நெறிமுறையைத் தானாக நிறுவுவதில்லை. அதற்கு வலுவான காரணம் உண்டு. 2017 மே 12 அன்று உலகமெங்கும் பரவிய 'வான்னாகிரை' என்ற பணயத் தீநிரல், இந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. நம் பக்கத்து மாநிலமான ஆந்திரத்தில் காவல்துறைக் கணினிகளும் அதற்கு இரையாயின. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ரூட்டரில் செருகிய தட்டு தெரியவில்லை என்பதற்காக அந்தப் பழைய கதவைத் திறந்துவிடுவது அறிவுடைமை ஆகாது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி: பழைய மடிக்கணினி. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் இலட்சக்கணக்கான மாணவர்கள் கணினி பெற்றார்கள். அந்த மாணவர்கள் இன்று வேலைக்குப் போய்ப் புதிய கணினி வாங்கிவிட்டார்கள். பழையது அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. முதலில் வந்தவற்றில் விண்டோஸுடன், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டார்கள். இன்றைய விண்டோஸைச் சுமக்க முடியாத அந்தக் கணினி, திரையும் விசைப்பலகையும் தேவைப்படாத கோப்புச் சர்வராக இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். 'ஓப்பன்மீடியாவால்ட்' போன்ற இலவச அமைப்பை அதில் நிறுவி, வெளியே ஒரு தட்டைச் செருகினால் போதும். 'ட்ரூநாஸ்' என்ற மற்றோர் இலவச அமைப்பு திறன் மிக்கதுதான், ஆனால் எட்டு ஜிகாபைட் நினைவகம் கேட்கும். பழைய மடிக்கணினியிடம் அது இராது.

வாங்கிவைத்துக்கொண்டு வருந்தாமலிருக்க முன்னதாகவே இரண்டைப் பார்த்துவிட வேண்டும். அந்தக் கணினியில் யுஎஸ்பி 3.0 முனை இல்லையென்றால் விநாடிக்கு முப்பது மெகாபைட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கம்பி முனை 100 மெகாபிட் என்றால் அதுவும் கிடைக்காது. தணிக்கையாளர் அலுவலகத்துக்கு இந்த வேகமே தாராளம். காணொளி வெட்டி ஒட்டுபவருக்குப் போதாது. மின்கலம் இன்னும் உயிரோடு இருந்தால் மின்வெட்டின்போது அதுவே யுபிஎஸ் வேலையையும் பார்க்கும். ஆனால் மின்கலம் உப்பியிருந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது; தீப்பிடிக்கும்.

இந்த இலவச அமைப்புகளின் உள்ளே ஓடுவது 'சாம்பா' என்ற மென்பொருள். விண்டோஸ் கணினிகள் பேசும் எஸ்எம்பி மொழியை லினக்ஸ் கணினிக்குக் கற்றுக்கொடுப்பது அதுவே. ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் அதை எழுதத் தொடங்கினார். முதலில் வைத்த பெயர் வேறொரு நிறுவனத்துக்கு உரியது என்று தெரியவந்ததும், கணினியிலிருந்த ஆங்கில அகராதியில் எஸ், எம், பி என்ற எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொற்களைத் தேடினார். கிடைத்தவற்றில் ஒன்று 'சாம்பா'. பிரேசில் நடனத்தின் பெயர், இப்படி எடமலைப்பட்டி புதூர் வரை வந்துசேர்ந்திருக்கிறது. கடையில் ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றின் உள்ளேயும் இதே சாம்பாதான் இருக்கிறது என்பதை வாங்குவோர் அறிந்துகொள்வது நல்லது.

அப்படியானால் அந்தப் பெட்டிகளுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? என்ஏஎஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அவற்றின் நன்மை மூன்று: இரண்டு தட்டுகளை உள்ளேயே வைத்துக்கொள்ளும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாம், மின்சாரம் குறைவாகத் தின்னும். கடைசியை மட்டும் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 70 வாட் இழுக்கும் பழைய மேசைக் கணினியை இரவும் பகலும் ஓடவிட்டால் மாதம் 50 யூனிட். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும்போது 100 யூனிட். வீட்டிலேயே அலுவலகம் நடத்துபவர் என்றால், அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை அந்த ஒரு கணினியே தின்று தீர்த்துவிடும். 15 வாட் இழுக்கும் சேமிப்புப் பெட்டிக்கு இரண்டு மாதத்துக்கு 22 யூனிட் போதும். எனவே 'சும்மா கிடக்கும்' மேசைக் கணினியைச் சர்வராக்குவது பார்ப்பதற்குத்தான் செலவில்லாத வழி. மடிக்கணினியை நான் முன்வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு தட்டுகள் என்றதும், ஒன்றில் எழுதுவதை மற்றொன்றிலும் அப்படியே எழுதும் 'ரெய்டு' முறையை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்குப் பெயர் சூட்டியது. அந்தப் பெயரில் உள்ள 'ஐ' என்ற எழுத்துக்கு அவர்கள் கொடுத்த விரிவு 'மலிவான' என்பது. விலையுயர்ந்த ஒரு பெரிய தட்டுக்குப் பதிலாக மலிவான பல சிறு தட்டுகள் என்பதே அவர்களுடைய வாதம். பின்னாளில் விற்பனையாளர்கள் அந்தச் சொல்லை 'தனித்தனியான' என்று மாற்றிக்கொண்டார்கள். மலிவு என்ற சொல் வணிகத்துக்கு உவப்பாக இருக்கவில்லை போலும்.

ரெய்டு செய்வது ஒன்றே ஒன்றுதான்: ஒரு தட்டு செத்தால் அன்றைய வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளும். புதிய தட்டை மாற்றியபின் எட்டு டெராபைட்டை மறுபடி எழுதி முடிக்கப் பதினைந்து மணி நேரம் போல ஆகும். அதுவரை மிஞ்சியிருப்பது ஒற்றைத் தட்டு. தவறுதலாக அழித்த கோப்பை அது காப்பாற்றாது, ஏனெனில் அழிப்பும் இரண்டு தட்டுகளிலும் அதே நொடியில் நடந்துவிடும். தீநிரல் பூட்டிய கோப்பும் இரட்டையாகப் பூட்டப்பட்டிருக்கும். திருடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் இரண்டும் சேர்ந்துதான் போகும். "ரெய்டு போட்டாச்சு, இனி கவலையில்லை" என்று சொல்பவரிடம் இதை எத்தனை முறை விளக்கினாலும் தகும்.

ஒரே இடத்தில் இருப்பது எத்தனை படிகளாக இருந்தாலும் ஒரே படிக்குச் சமம். தமிழர்களாகிய நமக்கு இதைக் கணினிப் பாடநூல் கற்றுத்தர வேண்டியதில்லை. 1981இல் மே மாதம் முடிந்து ஜூன் பிறந்த இரவில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. அச்சில் வந்த நூல்கள் பலவற்றுக்கு வேறெங்காவது படி இருந்தது. வேறு படியில்லாத ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் திரும்பவில்லை. ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் சேர்க்க 2005இல் 'நூலகம்' என்ற இணைய நூலகம் தொடங்கப்பட்டதற்குப் பின்னணியில் அந்த இழப்பின் நினைவும் உண்டு. இந்தப் பக்கம், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும், 1992இல் அவர் மறைந்தபின் சிதறிப்போகாமல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றன. அங்கு முதலில் செய்யப்பட்ட பெரும்பணி நுண்படம் எடுத்ததுதான். மூலத்துக்கு இன்னொரு படி.

சிறு அலுவலகத்துக்கு இதைச் சூத்திரமாக்கிக் கொடுத்தவர் கணினி வல்லுநரல்லர். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். மூன்று படிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்பது அவர் சொன்னது. செலவில்லாமல் இதைச் செய்ய முடியும். பொதுத் தட்டில் ஒன்று. வாரம் ஒருமுறை செருகிப் படியெடுத்துவிட்டு உடனே கழற்றி வைத்துவிடும் தட்டில் ஒன்று. இன்னொன்று உரிமையாளரின் வீட்டில். கழற்றி வைப்பது முக்கியம். செருகிய நிலையிலேயே இருக்கும் காப்புத் தட்டைத் தீநிரல் முதலிலேயே கண்டுபிடித்துவிடும். வேறிடம் என்பது உண்மையிலேயே வேறிடமாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோரையாறு பெருகினால் எடமலைப்பட்டி புதூர், கருமண்டபம் பகுதித் தெருக்கள் என்ன ஆகும் என்பதை இங்குள்ளோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகம் ஒரு தெருவிலும் வீடு அடுத்த தெருவிலும் இருந்தால் இரண்டும் ஒரே வெள்ளத்தில்தான் நனையும். ஸ்ரீரங்கத்திலோ திருவெறும்பூரிலோ உள்ள உறவினர் வீட்டு அலமாரி இதற்கு உகந்தது. அலுவலகத்தில் இருக்கும் பெட்டியையும் தரையில் வைக்காமல் மேசை உயரத்துக்கு மேல் வைப்பது நலம்.

மேகச் சேமிப்பை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று வாசகர் கேட்கலாம். அது பயனுள்ளது, கணக்கு, ஒப்பந்தம், வரைபடம் போன்ற சிறு கோப்புகளுக்கு, வேறிடத்துப் படியாக அதைவிட எளிது எதுவுமில்லை. ஆனால் பெருங்கோப்புகளுக்குப் பொருந்தாது. விநாடிக்கு 10 மெகாபிட் மேலேற்றும் வேகத்தில் ஒரு டெராபைட் போய்ச்சேர ஒன்பது நாட்களுக்கு மேல் ஆகும், வெட்டிலாமல் ஓடினால். தவிர, அது வாடகை. வாடகையை உயர்த்துவதும் இலவசத்தை நிறுத்துவதும் வீட்டுக்காரரின் விருப்பம். அளவின்றி இலவசமாகப் படங்களைச் சேமிக்க இடம் தந்துவந்த கூகுள் போட்டோஸ், 2021 ஜூன் 1 முதல் அதை நிறுத்தியது. கல்வி நிறுவனங்களுக்குத் தந்துவந்த வரம்பற்ற இடத்துக்கும் அதே நிறுவனம் பின்னர் உச்சவரம்பு விதித்தது. இதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். இலவசத்தை நம்பி வேறு படி வைத்துக்கொள்ளாமல் இருப்பதே ஆபத்து.

தட்டு வாங்குவது பற்றிச் சில சொற்கள். 2011 இறுதியில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து அங்கிருந்த தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகம் முழுவதும் வன்தட்டு விலை தாறுமாறாக ஏறியது. விலை என்றும் இறங்கிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் அவசரத் தேவை வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு. பொதுத் தட்டுக்கு வாங்கும்போது, தடங்களை ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேலொன்று ஏறச்செய்து எழுதும் 'எஸ்எம்ஆர்' வகையைத் தவிர்த்து, 'சிஎம்ஆர்' வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஓடு வேய்ந்த வகை மலிவுதான். ஆனால் ஒரு வரிசையைத் திருத்த அடுத்த வரிசைகளையும் திரும்ப எழுத வேண்டியிருப்பதால், ஒரே நேரத்தில் பலர் எழுதினால் திணறும். வாரம் ஒருமுறை படியெடுக்கும் காப்புத் தட்டாக அது தாராளமாகப் பயன்படும். எந்தத் தட்டு எந்த வகை என்பதைத் தயாரிப்பாளர்களே வெளிப்படையாகச் சொல்லாமலிருந்தது 2020இல் அம்பலமாகிப் பெரும் சர்ச்சையானது; இப்போது விவரக்குறிப்பில் போடுகிறார்கள், தேடிப் பார்க்க வேண்டும்.

ரிச்சி தெரு முதல் இணையக் கடை வரை மலிவாகக் கிடைப்பவற்றுள் பழைய தட்டுகளும் கலந்திருக்கும். தட்டு எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை அதுவே குறித்துவைத்துக்கொள்ளும். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். ஓராண்டு இடைவிடாமல் ஓடியிருந்தால் 8,760 மணி. ஆனால் அந்த எண்ணையே அழித்துப் புதியதுபோல் விற்ற மோசடி 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் வெளிப்பட்டது. ஆகவே உத்தரவாத எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் சரிபார்ப்பதே நம்பகமானது. தட்டு சாகும் முன் எச்சரிக்கை தரும் என்றும் இருந்துவிடக் கூடாது. கூகுள் தன் தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், பழுதான தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை என்று சொல்லியிருந்தது. வேகமான எஸ்எஸ்டி வகையைக் காப்புப் படிக்காக வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பவர்களும் உண்டு. எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டி, மின்சாரமின்றி நெடுங்காலம் கிடந்தால் தகவலை மறக்கத் தொடங்கும். வெப்பம் கூடக்கூட மறதியும் விரைவாகும். திருச்சியின் கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை அதற்கு ஏற்ற இடமன்று. வேலை செய்ய எஸ்எஸ்டி, காத்து வைக்க வன்தட்டு என்பது நான் கடைப்பிடிக்கும் பிரிவினை.

இவ்வளவையும் ஒரு தணிக்கையாளரோ வரைபடக்காரரோ தானே தேடித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வரியைக் கணினி வழியே செலுத்தச் சொல்லும் அரசு, அந்தக் கணக்கு ஏழே முக்கால் ஆண்டுகள் வரை பிழைத்திருப்பதற்கான வழியையும் சொல்லித்தர வேண்டும். பெருஞ்செலவு தேவையில்லை. திருச்சியைச் சுற்றியுள்ள தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் கணினிப் பிரிவு மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு பழைய மடிக்கணினியைக் கோப்புச் சர்வராக்கும் பயிற்சி ஒரு வாரச் செய்முறைப் பாடம். மாவட்டத் தொழில் மையம் இரண்டையும் இணைத்தால் மாணவருக்கு அனுபவமும் சிறு தொழிலுக்குப் பாதுகாப்பும் ஒருங்கே கிடைக்கும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு நாளிதழில் வருகிறதல்லவா? அந்த நாளையே அலுவலகங்கள் காப்புத் தட்டைச் சோதிக்கும் நாளாக வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்வதுண்டு. முந்தைய நாள் மாலை படியெடுத்து, சர்வரை முறையாக அணைத்துவிட்டு, மின்தடை நேரத்தில் மடிக்கணினியில் காப்புத் தட்டைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கோப்புகளைத் தேர்ந்தெடுத்துத் திறந்து பார்ப்பது. திறக்காத காப்புப் படி காப்புப் படியே அல்ல.

மாற்றிய பழைய தட்டை என்ன செய்வது என்பதும் இதைச் சார்ந்ததே. அதை அப்படியே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். அதில் வாடிக்கையாளரின் ஆதார் நகலும் வங்கிக் கணக்கும் நோயாளியின் எக்ஸ்ரேயும் இருக்கும். 'அழித்தாகிவிட்டது' என்று குப்பைத்தொட்டிப் படத்தைக் காட்டுவது அழிப்பாகாது. 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய தகவலை வைத்திருப்பவர்மீது பொறுப்பைச் சுமத்துகிறது. ஓடும் நிலையிலுள்ள வன்தட்டு என்றால் முழுவதையும் ஒருமுறை மேலெழுதிவிட வேண்டும். இலவச மென்பொருளே போதும், இரவில் ஓடவிட்டால் காலையில் முடிந்திருக்கும். ஓடாத தட்டு என்றால் துளையிடும் இயந்திரத்தால் தட்டின் ஊடாக மூன்று நான்கு இடங்களில் துளைத்துவிட்டு, அதன்பின் பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுக்கலாம்.